திரைப்படங்களில் வயர்லெஸ்: பேசுவோரும் கேட்போரும்



ஆண்டுதோறும் ஆகஸ்டு 29ஆம் நாள் கொடியேறிச் செப்டம்பர் 8ஆம் நாள் நிறைவுறும் வேளாங்கண்ணிப் பெருவிழாவின்போது, இலட்சக்கணக்கான மக்களுக்கிடையே நிற்கும் காவலர் கைகளில் எல்லாம் ஒரு சிறு கருவி இருக்கக் காணலாம். பொதுமக்கள் அதனை வாக்கி டாக்கி என்பர். வயர்லெஸ் என்பாரும் உளர். காவலர் வழக்கில் அதற்கு 'மைக்' என்பது பெயர். 'மைக்கில் வந்தது', 'ஓப்பன் மைக்கில் கேட்டுவிட்டார்' என்பன அவர்தம் அன்றாடப் பேச்சு. இச்சொல்லாட்சி நோக்கத்தக்கது. மைக் என்பது பேசும் உறுப்பு மட்டுமே. ஆனால் அக்கருவியைத் தாங்கி நிற்கும் காவலர் ஒரு நாளில் அதில் பேசும் நேரம் சில நிமிடங்களே; எஞ்சிய நேரம் முழுவதும் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். பெயர் பேச்சைச் சுட்ட, தொழில் கேட்டலாக இருக்கிறது.

திரைப்படமும் தொலைக்காட்சியும் இக்கருவியைக் கையாண்டுள்ள முறையை ஆராய்ந்தால், அவை அப்பெயரின் வழியே சென்றனவேயன்றி அத்தொழிலின் வழியே செல்லவில்லை என்பது புலப்படும். திரையில் வயர்லெஸ்ஸில் பேசுவோர் பலர். கேட்போர் மிகச் சிலர்.

முதலில் பேச்சு முறையைக் காண்போம். சாதாரண இருவழி வானொலியில் ஒரே நேரத்தில் இருவர் பேச இயலாது. பொத்தானை அழுத்தியிருக்கும் வரை பேசலாம். அப்போது எதிர்முனைக் குரல் கேளாது. பொத்தானை விட்டால் கேட்கலாம். அப்போது பேச இயலாது. இந்த முறைமாற்றத்தை அறிவிக்கவே 'ஓவர்' என்னும் சொல் அமைந்தது. 'சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், உன் மறுமொழிக்குக் காத்திருக்கிறேன்' என்பது அதன் பொருள். 'அவுட்' என்பதற்கோ 'பேச்சு முடிந்தது, மறுமொழி வேண்டா' என்பது பொருள். எனவே 'ஓவர் அண்டு அவுட்' என்று சேர்த்துக் கூறுவது, 'பதில் சொல். சொல்லாதே' என்பதற்கு ஒப்பாகும். ஆங்கிலப் படங்கள் தொடங்கி வைத்த இப்பிழையைத் தமிழ்ப் படங்களும் தயங்காது ஏற்றுக்கொண்டன. நகைச்சுவைக் காட்சிகளில் 'ஓவர்' என்பது ஒவ்வொரு தொடரின் இறுதியிலும் ஒட்டப்படும் அசைநிலையாகவே ஆகிவிட்டது. அளவு கடந்தது என்னும் பொருளில் 'ரொம்ப ஓவர்' என்று வழங்கும் தமிழர்க்கு இதில் இரட்டைச் சிரிப்பு கிடைப்பதும் உண்மையே.

இதைவிடப் பெரிய பிழை, கதைத்தலைவனும் எதிர்த்தலைவனும் வாக்கி டாக்கியில் ஒருவர் பேச்சை ஒருவர் இடைமறித்துச் சொற்போர் புரிவது. அது தொலைபேசியின் இயல்பு. விடுத்த கேள்விக்கும் வரும் விடைக்கும் இடையே சில நொடி வெறுமை நிற்கும். அவ்வெறுமையில் இரைச்சல் மட்டும் ஒலிக்கும். இயக்குநர்கள் அதனைத் தொய்வு எனக் கருதி வெட்டிவிடுகின்றனர். நாடகத்தின் உயிரே அவ்வெறுமையில்தான் இருக்கிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

அடுத்து, தொலைவு. படங்களில் கையடக்கக் கருவி மலைகளையும் மாநிலங்களையும் கடந்து பேசும். உண்மையில் வி.எச்.எஃப். அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. புவியின் வளைவு அவற்றை மறைத்துவிடும். இரு படகுகளில் நிற்பவர்களின் கருவிகள் நீர்மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் இருப்பின், அவர்கள் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் வரை பேசிக்கொள்ள இயலும். கரையில் 30 மீட்டர் உயரத்தில் ஆண்டெனா இருப்பின், அது 28 கிலோமீட்டர் அளவுக்கு நீளும். நாகப்பட்டினத்திலிருந்து புறப்படும் விசைப்படகு சில மணி நேரத்தில் அவ்வெல்லையைத் தாண்டிவிடும். அதற்கப்பால் செல்ல, வான்மேல் அடுக்கில் பட்டுத் திரும்பும் சிற்றலைகள் தேவை. ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலியாளர்கள் கண்டம் விட்டுக் கண்டம் பேசுவது அவ்வலைகளைக் கொண்டே. அவர்கள் அரசு நடத்தும் தேர்வில் தேறி உரிமமும் தமக்கெனத் தனி அழைப்புக் குறியும் பெற்றவர்கள். பொருள் ஈட்டும் நோக்கமின்றி இதனைச் செய்பவர்கள். இவ்வேறுபாட்டை ஓரளவேனும் மதித்த தொடர் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' ஆகும். 2019இல் வெளியான அதன் மூன்றாம் பருவத்தில், தொலைவிலுள்ள தோழியோடு பேச விரும்பும் சிறுவன், தன் கோபுரத்தைத் தூக்கிக்கொண்டு குன்றின்மேல் ஏறுகிறான். உயரம் வேண்டும் என்று அறிந்த சிறுவன் அவன்.

தமிழ்த் திரையில் வயர்லெஸ்ஸுக்குக் காவலர் கை தவிர இன்னோர் இடமும் உண்டு. அது கள்ளக்கடத்தல்காரன் கை, ஒற்றன் கை, தீவிரவாதியின் கை. இருட்டு, கடற்கரை, ஒரு படகு, தலையில் கேட்பொறி மாட்டிய ஒருவன் என்றால் அவன் தீயவன் எனப் பார்வையாளர் உடனே அறிந்துகொள்வர். இவ்வச்சம் முற்றிலும் கற்பனையன்று. வேளாங்கண்ணிக்குத் தெற்கே உள்ள கோடிக்கரையில்தான், ராஜீவ் காந்தி கொலையில் ஈடுபட்ட குழு 1991 மே மாதத் தொடக்கத்தில் கரையிறங்கியது. அக்கொலையின் பின்னணியைப் புனைவாக்கிய 'மெட்ராஸ் கஃபே' (2013) என்னும் இந்திப் படத்தில், இடைமறித்துப் பிடிக்கப்பட்ட வானொலிச் செய்திகளின் குறியீட்டை அவிழ்ப்பது கதையின் முக்கிய முடிச்சு. அங்குக் கேட்போர் இருக்கிறார்கள். ஆயினும் அது ஒட்டுக்கேட்டல். தனக்கென வராத சொல்லைத் திருடிக் கேட்பதற்கும், எவரேனும் அழைப்பாரோ என்று செவி திறந்து வைத்திருப்பதற்கும் உள்ள இடைவெளி பெரிது. கொல்லப்பட்ட அத்தலைவரே வி.யு.2.ஆர்.ஜி. என்னும் அழைப்புக் குறி பெற்ற ஹாம் வானொலியாளர் என்பதைப் படம் பார்த்தோருள் எத்தனை பேர் அறிவர்? வானொலிக் கருவி என்றாலே ஐயுறும் மனப்பாங்கைத் திரை வளர்த்துவிட்டது. அக்கருவியை வீட்டில் வைத்து உலகோடு உரையாடிய ஆயிரக்கணக்கானோரை அது கண்டுகொள்ளவில்லை.

வெளிநாட்டில் அவர்களைக் கண்டுகொண்ட படங்கள் சில உண்டு. பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ்டியான் ஜாக் 1956இல் எடுத்த படம் ஒன்றன் தலைப்புக்கு, 'உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் கைகோத்தால்' என்பது போன்ற பொருள் கூறலாம். நடுக்கடலில் ஒரு மீன்பிடிக் கப்பல். கெட்டுப்போன பன்றியிறைச்சியை உண்ட மீனவர் நோயுற்று வீழ்கின்றனர். அதனை உண்ணாத இசுலாமிய மீனவன் ஒருவனே நலமாய் இருக்கிறான். நஞ்சிட்டவன் அவனோ என்னும் ஐயமும் எழுகிறது. கப்பலின் அழைப்பை ஆப்பிரிக்காவில் டோகோ நாட்டிலுள்ள ஹாம் வானொலியாளர் ஒருவர் கேட்கிறார். அவரிடமிருந்து பாரிசுக்கும் பிற நகரங்களுக்கும் செய்தி கைமாறிச் செல்ல, மருந்து கடலை நோக்கிப் புறப்படுகிறது. இப்படத்தில் தனியொரு தலைவன் இல்லை. நள்ளிரவில் உறங்காது கேட்டவர்கள் அனைவரும் தலைவர்களே. மீனவர் வாழ்வைப் பாடும் தமிழ்ப் படங்கள் பல வந்திருந்தும், இத்தகைய கதை தமிழில் தோன்றாதது வியப்புக்குரியது.

இதற்கு நேர் எதிராக, 1961இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் டோனி ஹான்காக் நடித்த நகைச்சுவை நாடகம், உலகெங்கும் நண்பர்களைத் தேடும் ஹாம் வானொலியாளன் ஒருவனைக் கேலிப்பொருளாக்கியது. மூழ்கும் படகிலிருந்து உதவிக் குரல் வருகிறது. அவனுக்கோ எழுதக் கோலும் ஒழுங்காகக் கிட்டவில்லை. சிரிப்பின் அடியில் உண்மை இருக்கிறது. கேட்பது என்பது காதால் மட்டும் நிகழ்வதன்று. கேட்டதைக் குறித்துக்கொண்டு உரியவரிடம் சேர்ப்பதுவரை அது முடிவதில்லை. 2000இல் வந்த 'ஃப்ரீக்வென்சி' படமோ, ஹாம் கருவி வழியே மகன் முப்பது ஆண்டுகளுக்கு முன்னிருந்த தந்தையோடு பேசுவதாகக் கதை புனைந்தது. தமிழில் 'மார்க் ஆண்டனி' (2023) காலம் கடந்து பேச நினைத்தபோது தொலைபேசியை நாடியது. தமிழ்ப் பார்வையாளருக்கு ஹாம் கருவி அறிமுகமாகாததே அதற்குக் காரணமாகலாம்.

கேட்போனைக் காட்டுவதா விடுவதா என்னும் வினாவுக்கு விளக்கமான சான்று டைட்டானிக் கப்பலைப் பற்றிய இரு படங்கள். 1912 ஏப்ரல் 14ஆம் நாள் இரவு, அக்கப்பலுக்கு அருகில் 'கலிபோர்னியன்' என்னும் கப்பல் நின்றிருந்தது. அதன் ஒரே வானொலியாளர் பகல் முழுதும் பணியாற்றிக் களைத்து, கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றார்; சிறிது நேரத்தில் டைட்டானிக் பனிமலையில் மோதியது. மிகத் தொலைவில் வந்துகொண்டிருந்த 'கார்பேத்தியா' கப்பலின் வானொலியாளரும் உறங்கப் புறப்பட்டவரே. கேட்பொறியைத் தலையிலிருந்து இன்னும் கழற்றாதிருந்ததால் அழைப்பு அவர் செவியில் விழுந்தது. எழுநூற்றுக்கும் மேற்பட்டோர் பிழைத்தனர். 1958இல் வந்த 'எ நைட் டு ரிமெம்பர்' என்னும் படம், உறங்கும் அந்த வானொலியாளரையும் காட்டியது. ஜேம்ஸ் கேமரூன் தம் 'டைட்டானிக்' (1997) படத்துக்காகக் கலிபோர்னியன் காட்சியைப் படமாக்கிப் பின்னர் நீக்கிவிட்டார். காதல் கதைக்கு அது தேவையற்றதாகப் பட்டிருக்கலாம். ஆனால் அந்நிகழ்ச்சியின் அவலம் முழுவதும் கேட்கப்படாத அழைப்பில் அடங்கியிருந்தது. கப்பல்களில் இரவும் பகலும் இடையறாது வானொலியைக் கேட்க வேண்டும் என்னும் விதி அந்த அழிவின் பின்னரே பிறந்தது.

தமிழ் மரபுக்கு இந்நிலை புதிதன்று. கடலும் கடல் சார்ந்த நிலமுமாகிய நெய்தலுக்குத் தொல்காப்பிய மரபு வகுத்த உரிப்பொருள் இரங்கல். கடலுக்குள் சென்றவனின் வீரம் அங்கு நடுநாயகம் அன்று. கரையில் நிற்பவளின் காத்திருப்பே பாட்டாகிறது. பிற்காலத் தூது நூல்களிலும் முகிலையும் கிளியையும் நெஞ்சையும் விடுத்து, தலைவனிடம் மாலை வாங்கி வா என்று வேண்டுவதோடு நூல் முடிந்துவிடும். மாலை வந்ததா என்பதைப் புலவர் பெரும்பாலும் கூறுவதில்லை. 'ஓவர்' என்று சொல்லிப் பொத்தானை விட்ட நிலை அது. இத்தகைய இலக்கியச் செல்வமுடைய மொழியின் திரைப்படம், வயர்லெஸ்ஸைக் கண்டதும் குறிஞ்சியையும் நெய்தலையும் மறந்து வஞ்சித்திணையின் போர்க்கருவியாக மட்டுமே அதனை எடுத்துக்கொண்டது.

இக்கடற்கரைக்கு இது வெறும் கலைச்சிக்கல் அன்று. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை 6.29 மணிக்குச் சுமத்திராவுக்கு அருகே நிலம் நடுங்கியது. கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்திலிருந்து, தீவு மூழ்குகிறது, எங்கும் நீராய் இருக்கிறது என்னும் கருத்துடைய இறுதிச் செய்தி வந்ததையும், காலை 7.30 மணியளவில் சென்னைப் பிரிவிலிருந்து நிலநடுக்கச் செய்தி தமக்கு எட்டியதையும் அப்போதைய விமானப்படைத் தலைவர் பின்னர் வெளியிட்டார். வேளாங்கண்ணிக் கடற்கரையில் கிறித்துமசு மறுநாள் யாத்திரிகர்கள் அப்போதும் நின்றுகொண்டிருந்தனர். ஒன்பது மணியை ஒட்டியே பேரலை நாகைக் கடற்கரையை அடைந்தது. இடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. செய்தி வானில் வந்தது. அதனைக் கேட்டுக் கரைக்குக் கொண்டு சேர்க்கும் ஏற்பாடுதான் நாட்டில் இல்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அதே காலையில் போர்ட் பிளேரில் பாரதி பிரசாத் என்னும் அம்மையார் இருந்தார். பல ஆண்டுகளாக ஹாம் வானொலிக்கு இசைவு மறுக்கப்பட்டிருந்த அந்தமானில் சிறப்பு இசைவு பெற்று, வி.யு.4.ஆர்.பி.ஐ. என்னும் அழைப்புக் குறியோடு உலகெங்கும் உள்ளோருடன் பேசிக்கொண்டிருந்தவர் அவர். பொழுதுபோக்காகத் தொடங்கிய பணி ஒரு நொடியில் உயிர்ப்பணி ஆயிற்று. பிற தொடர்புகள் அறுந்த தீவிலிருந்து, இன்னார் உயிரோடு இருக்கிறார் என்னும் செய்திகளை அவரும் உடனிருந்தோரும் பெருநிலத்துக்கு அனுப்பினர். பெயரும் ஊரும் எழுத்து எழுத்தாகச் சொல்லப்பட்டன. மறுமுனையில் இருந்தவர்கள் எழுதிக்கொண்டு உரிய வீடுகளுக்குத் தெரிவித்தனர். ஹான்காக்குக்குக் கிட்டாத எழுதுகோல் அன்று பலருக்கும் கிட்டியிருந்தது.

தமிழ்த் திரைக்கு இந்த ஆழிப்பேரலை கிடைத்தது. இந்த வானொலி கிடைக்கவில்லை. 'தசாவதாரம்' (2008) படத்தின் உச்சக்காட்சியில் அதே நாளின் பேரலை வருகிறது. உலகை அழிக்கவிருந்த கிருமியைக் கடலின் உப்பு அடக்குவதாகக் கதை முடிகிறது. தொழில்நுட்பத்தில் அது பாராட்டத்தக்க காட்சியே. எனினும் இறந்தோர் வாழ்ந்த கரையில் அமர்ந்து அதனைக் காண்போர்க்கு, அலை ஏதோ நன்மை செய்ய வந்தது போன்ற அமைதி உறுத்தாமல் இராது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்ட மீனவர் பலருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. அவர்கள் கரைக் கருவிகளின் எல்லைக்கு அப்பால் இருந்தனர். அதன்பின் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் நாவிக் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை பெறும் கருவிகள் படகுகளுக்கு வந்தன. தொடக்கத்தில் அவை ஒருவழிக் கருவிகள். செய்தியைப் பெறும், மறுமொழி அனுப்பா. பின்னர் வந்த கருவிகள் இருவழியாயின. நடுக்கடலில் இருந்து குறுஞ்செய்தி அனுப்பவும் இயலும். அவற்றில் குரல் இல்லை, இரைச்சல் இல்லை, 'ஓவர்' இல்லை. சிறு திரையில் சில எழுத்துகள் தோன்றும். கரையில் ஒருவர் அவற்றைப் படிப்பார். வசனத்தை நம்பியே பழகிய தமிழ்த் திரைப்படம் இதனை எவ்வாறு காட்டப்போகிறது என்பதை இனி வரும் மீனவர் படங்களில்தான் காண வேண்டும்.