நம் பைக்கு நாமே பதில்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

செயலாளர் என்னை அழைத்தபோதே ஒரு நிபந்தனை போட்டுவிட்டார். "பசங்களுக்குப் பயன்படற மாதிரி ஏதாவது பேசுங்க, விடுதிச் சாப்பாட்டுக் கதை வேண்டாம்" என்றார். (சிரிப்பு) அதனால் சாம்பாரை விட்டுவிட்டு விமானத்துக்கு வருகிறேன்.

நாங்கள் படித்த காலத்தில் விமானம் என்றால் அண்ணாந்து பார்த்துக் கை காட்டுவதோடு சரி. இன்று அப்படியா? கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டிப் பெங்களூர் போனால் தேவனஹள்ளி விமான நிலையம். தொப்பூர் கணவாய் இறங்கினால் காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம். 2023 அக்டோபரில் அங்கே மறுபடியும் விமானங்கள் வரத் தொடங்கின. அரூர், பாலக்கோடு, பென்னாகரம் பிள்ளைகள் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். வீட்டிலேயே முதன்முதலாக விமானம் ஏறுகிறவர்கள் அவர்கள்தான். கேட்டுத் தெரிந்துகொள்ள அண்ணனோ மாமாவோ கிடையாது.

அந்தப் பிள்ளையின் பையில் என்னென்ன இருக்கிறது? செல்போன், லேப்டாப், பவர் பேங்க், பெட்டி தொலைந்தால் கண்டுபிடிக்க ஒரு டிராக்கர். இதில் எது கையோடு வர வேண்டும், எது பெட்டியில் போகலாம், எதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்? இதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில், இவ்வளவு சோதனை ஏன் என்று பார்ப்போம். வரிசையில் நிற்கும்போது, "என்னைப் பார்த்தால் திருடன் மாதிரியா இருக்கு?" என்று முணுமுணுக்கிறோம். அதற்கான பதில் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1984 ஆகஸ்ட் 2-ஆம் தேதி இரவு, சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்தது. கொழும்பு விமானத்துக்கென்று கொடுக்கப்பட்ட பெட்டி அது. கொடுத்த ஆள் விமானம் ஏறவில்லை. பெட்டி மட்டும் இருந்தது. 30 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இலங்கைப் பயணிகள்.

அடுத்த ஆண்டே, 1985 ஜூன் 23-ஆம் தேதி, ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக்கு அருகே கடலில் விழுந்தது. 329 பேர் மாண்டார்கள். அங்கேயும் இதே கதைதான்: பெட்டி ஏறியது, பெட்டிக்குரியவன் ஏறவில்லை. அதே நாளில் ஜப்பானின் நரிட்டா விமான நிலையத்தில் இன்னொரு பெட்டி வெடித்து, சுமை ஏற்றும் தொழிலாளர் இருவர் இறந்தார்கள். அந்தக் குண்டு ஒரு ஸ்டீரியோ டியூனருக்குள் இருந்தது. 1988 டிசம்பர் 21-ஆம் தேதி ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊர் மீது பான் ஆம் விமானம் சிதறி விழுந்து 270 பேர் இறந்தார்களே, அந்தக் குண்டு இருந்தது ஒரு ரேடியோ கேசட் பெட்டிக்குள்.

ஆகவே நண்பர்களே, "லேப்டாப்பை வெளியே எடுத்துத் தட்டில் வையுங்கள்" என்று சி.ஐ.எஸ்.எஃப். வீரர் சொன்னால், அது நம்மைச் சிறுமைப்படுத்த அல்ல. லேப்டாப்பின் அடர்த்தியான பாகங்கள் எக்ஸ்ரே படத்தில் மற்றப் பொருள்களை மறைத்துவிடும். தனியே வைத்தால் இரண்டும் தெளிவாகத் தெரியும். "பெட்டியை நீங்கள்தான் அடுக்கினீர்களா?" என்று கேட்பதும், ஏறாத பயணியின் பெட்டியை விமானத்திலிருந்து இறக்குவதும் இத்தனை உயிர் கொடுத்துக் கற்ற பாடம். அந்த இடத்தில் "உள்ளே பாம் இருக்கு" என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். விமானம் போய்விடும், நீங்கள் போலீஸ் நிலையத்தில் இருப்பீர்கள்.

இரண்டாவது, பவர் பேங்க். இதைச் செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது. கைப்பையில்தான் வர வேண்டும். ஆபத்தான பொருளைப் போய்ப் பயணிகள் பக்கத்தில் வைக்கச் சொல்கிறார்களே என்று தோன்றும். காரணம் இருக்கிறது. லித்தியம் பேட்டரி உள்ளுக்குள் பழுதானால் தானே சூடேறி, பக்கத்து செல்லையும் சூடேற்றி எரியும். சரக்கு அறையில் இருக்கிற தீயணைப்பு வாயு சுவாலையை அடக்கலாம். பேட்டரிக்குள் ஏறிய சூட்டை அடக்க முடியாது. அதற்குத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும். கையருகே இருந்தால் பணிப்பெண் ஓடி வந்து ஊற்றுவார். கீழே சரக்கு அறையில் யார் ஊற்றுவது?

2025 ஜனவரி 28-ஆம் தேதி தென்கொரியாவின் பூசான் நகரில், புறப்படத் தயாராக நின்ற ஏர் பூசான் விமானத்தில் தீப்பிடித்தது. தலைக்கு மேலுள்ள பெட்டியறையில் தொடங்கிய தீ கூரையையே தின்றுவிட்டது. உள்ளே இருந்த 170-க்கும் மேற்பட்டோர் தப்பினார்கள். பவர் பேங்க்தான் காரணமாக இருக்கக்கூடும் என்றார்கள் விசாரணை அதிகாரிகள். அதன் பிறகு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதலும், எமிரேட்ஸ் அக்டோபர் 1 முதலும், விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்தவே கூடாது என்று சொல்லிவிட்டன. எடுத்துப் போகலாம், சார்ஜ் போடக் கூடாது.

அளவு என்ன? 100 வாட்-அவர் வரை தடையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 160-க்கு மேல் கிடையாது. உங்கள் பவர் பேங்கில் எம்.ஏ.எச். கணக்குத்தான் பெரிதாகப் போட்டிருக்கும். அதை 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்துப் பாருங்கள். 20,000 என்றால் 74 வாட்-அவர், கவலையில்லை. 30,000 என்றால் 111, அனுமதி வேண்டும். இயற்பியல் வாத்தியார் முன்வரிசையில் இருக்கிறார், கணக்குத் தப்பென்றால் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார். (சிரிப்பு) சந்தையில் மலிவாக வாங்கிய, எழுத்தே அழிந்துபோன பவர் பேங்க் என்றால் அங்கே எதைக் காட்டி வாதாடுவீர்கள்?

மூன்றாவது, டிராக்கர். ஆப்பிள் ஏர்டேக் மாதிரியான சின்ன வில்லைகளைப் பெட்டிக்குள் போடலாம். 2022 அக்டோபரில் ஜெர்மனியின் லுஃப்தான்சா நிறுவனம் இதைக் கூடாது என்று சொல்லி, சில நாளிலேயே சரி என்று மாற்றிக்கொண்டது. அதற்குள் இருப்பது பொத்தான் அளவு பேட்டரி. அது வானத்தோடு பேசுவதில்லை. பக்கத்தில் போகிற செல்போன்களுக்குப் புளூடூத்தில், "நான் இங்கே இருக்கிறேன்" என்று மெல்லச் சொல்கிறது, அவ்வளவுதான். ஆனால் பெட்டியோடு சேர்ந்தே வருகிற பெரிய சார்ஜிங் பேட்டரி வேறு. அந்த ஸ்மார்ட் பெட்டியைச் செக்-இன்னில் போடுவதானால் பேட்டரியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். கழற்ற முடியாத பேட்டரி என்றால் அந்தப் பெட்டியை வாங்காதீர்கள்.

நான்காவதுதான் ஆளையே சிறைக்கு அனுப்பக்கூடியது. வெளிநாட்டில் வாழும் நம் முன்னாள் மாணவர்கள் கவனமாகக் கேளுங்கள். சேட்டிலைட் போன், சேட்டிலைட் மெசஞ்சர் இவற்றைத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாது. துரையா, இரிடியம் என்ற பெயர்களை நினைவில் வையுங்கள். 2008 நவம்பர் 26-இல் மும்பையைத் தாக்கியவர்கள் கடல் வழியாக வந்தபோது சேட்டிலைட் போன் வைத்திருந்தார்கள். அதன் பிறகு கெடுபிடி அதிகம்.

2024 டிசம்பரில் கனடா நாட்டு ஓட்ட வீராங்கனை ஒருவர் கோவா விமான நிலையத்தில் பிடிபட்டார். அவர் கையில் இருந்தது மலையில் தொலைந்தால் உதவி கேட்கிற கார்மின் இன்ரீச் கருவி. வெளிநாட்டுக் கடைகளில் சாதாரணமாக விற்பது. ஒளித்து வைக்கவுமில்லை, தானே எடுத்துத் தட்டில் வைத்தார். ஆனாலும் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியதாயிற்று. நல்ல எண்ணம் வேறு, சட்டம் வேறு.

"சார், என் வாட்ச்சில் ஜி.பி.எஸ். இருக்கே?" என்று ஒரு மாணவர் கேட்கலாம். அதற்குப் பயமில்லை. ஜி.பி.எஸ். வாட்ச் சேட்டிலைட் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறது. சேட்டிலைட் மெசஞ்சர் திருப்பிப் பேசுகிறது. கேட்பதற்குத் தடையில்லை, பேசுவதற்குத்தான் அனுமதி வேண்டும். வாங்கும்போதே இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. இதற்குத்தான் இவ்வளவு நேரம் பேசினேன். வளைகுடாவிலிருந்து ஊருக்குக் கிளம்பும் முதல் நாள் ராத்திரி, அறைக்கு ஒருவர் வருவார். "தம்பி, நம்ம ஊர்ப் பக்கம்தானே? இந்த எமர்ஜென்சி லைட்டை வீட்டில் கொடுத்துடு, ஆள் வந்து வாங்கிக்குவாங்க" என்பார். மறுக்க நமக்கு மனசு வராது. நம் மண்ணின் குணம் அது. ஆனால் ஸ்பீக்கர், விளக்கு, மிக்சி என்று மின்சாதனங்களுக்குள் தங்கத்தை வைத்துக் கடத்தி சென்னை, திருச்சி விமான நிலையங்களில் சுங்கத்துறையிடம் சிக்கியவர்கள் நிறைய. தங்கம் என்றால் வழக்கோடு போகும். போதைப்பொருள் என்றால் சிங்கப்பூரில் தூக்குத் தண்டனை வரை உண்டு. "அது எனக்குத் தெரியாது, யாரோ கொடுத்தது" என்பதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். கொடுத்தவர் போனையே எடுக்க மாட்டார்.

எனவே தம்பிகளே, தங்கைகளே, உங்கள் பையை நீங்களே அடுக்குங்கள். உள்ளே இருக்கிற ஒவ்வொன்றும் என்ன, எதற்கு, எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்து அடுக்குங்கள். பிறர் கொடுப்பதை, "மன்னிச்சுக்குங்கண்ணே, எடுத்துப் போக முடியாது" என்று முகத்துக்கு நேரே சொல்லப் பழகுங்கள். ஒரு நிமிடச் சங்கடம்தான். நிலத்தை அடமானம் வைத்து டிக்கெட் வாங்கிக் கொடுத்த அப்பா அம்மாவுக்கு நீங்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்ற ஒரு போன் போதும்.

இங்கே உட்கார்ந்திருக்கும் மூத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தில் வெளிநாட்டில் இருப்பவர்கள் பலர். முதல் முறை விமானம் ஏறும் மாணவர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டால், பத்து நிமிடம் ஒதுக்கி இவற்றைச் சொல்லிக் கொடுங்கள். கேட்க ஆள் இல்லாத பிள்ளைக்கு அண்ணனாக, அக்காவாக இருக்கத்தானே இந்தச் சங்கம்!