ஐயாயிரம் ஆண்டுகளாக நிற்கும் கல் வேலை

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"வெளிநாட்டுல என்னப்பா பார்த்தே?" என்று நண்பர்கள் கேட்டார்கள். நான் பார்த்தது கல்லறைகள்! வேலை நிமித்தமாக ஸ்வீடனில் இருந்தபோது, விடுமுறை நாட்களில் ஃபால்ஷெப்பிங் என்ற சிறிய ஊரின் பக்கம் போவேன். அந்த வட்டாரத்தில் மட்டும் 250-க்கும் மேற்பட்ட நடைவழிக் கல்லறைகள் இருக்கின்றன. டென்மார்க்கில் இவற்றுக்கு 'ராட்சசர் அறை' என்று பொருள்படும் பெயர். கட்டியவர்கள் ராட்சசர்கள் அல்ல, கி.மு. 3300 வாக்கில் வாழ்ந்த சாதாரண விவசாயிகள். பார்த்தவுடன் நம்ம ஊர்க் கல்திட்டை ஞாபகம் வரும். ஆனால் அவை பெரும்பாலும் இரும்புக் காலத்தவை. இவை புதிய கற்காலத்தவை. இரண்டுக்கும் தொடர்பில்லை.

அமைப்பைச் சொல்கிறேன். பெரிய கற்களை நிறுத்திச் சுவர். மேலே பல டன் எடையுள்ள மூடுகற்கள். பக்கவாட்டில், குனிந்தே போக வேண்டிய ஒரு நடைவழி. எல்லாவற்றையும் மூடி ஒரு மேடு. கார்லெபி கிராமத்தில் உள்ள ராங்வால்ட் கல்லறையின் அறை சுமார் 17 மீட்டர் நீளம். கிரேன் இல்லை, இரும்பு இல்லை, எழுத்தும் இல்லை.

ஆனால் என்னை அசர வைத்தது கல்லின் எடை அல்ல. தண்ணீரைத் தடுத்த விதம். டென்மார்க்கில் பழுதுபார்ப்பதற்காக மேடுகளைத் திறந்தபோதுதான் உள்வேலை தெரிந்தது. பெரிய கற்களுக்கு நடுவே உள்ள சந்துகளில் தட்டைக் கற்களைச் சாந்து இல்லாமல் அடுக்கியிருக்கிறார்கள். அந்த அடுக்குகளுக்கு இடையே பிர்ச் மரப்பட்டை. அறைக்கு மேலே ஓடு வேய்ந்த மாதிரி, வெளிப்பக்கம் சரியும்படி பலகைக் கற்கள். அதோடு களிமண்ணும், சுட்டு நொறுக்கிய சிக்கிமுக்கிக் கல்லும். நாம கட்டற பேஸ்மென்ட் எத்தனை மழைக்காலம் ஒழுகாம இருக்கு, சொல்லுங்க!

அந்த மரப்பட்டை இன்னொரு உபகாரமும் செய்தது. உள்ளே கிடக்கும் எலும்புகள் பின்னால் வைத்தவையாக இருக்கலாம். பட்டையோ கட்டும்போதே வைத்தது. அதைக் கார்பன் முறையில் சோதித்தால் கட்டிய காலமே கிடைத்துவிடுகிறது.

டென்மார்க் மன்னர் ஏழாம் ஃபிரடெரிக் (ஆட்சி 1848–1863), இவற்றை எப்படிக் கட்டியிருப்பார்கள் என்று தாமே ஒரு கட்டுரை எழுதினார். ஒரு ராஜாவையே என்ஜினீயராக்கிய கட்டடங்கள் இவை.

கட்டியவர்கள் என்ன ஆனார்கள்? 2024-ல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, பெரும்பாலும் ஃபால்ஷெப்பிங் பகுதிக் கல்லறைகளில் கிடைத்த 108 பேரின் எச்சங்களைச் சோதித்தது. அவர்களில் சுமார் 17 சதவீதம் பேரிடம் பிளேக் கிருமி. ஒரே குடும்பத்தின் ஆறு தலைமுறைகளைத் தொடர முடிந்தது. சுமார் 120 ஆண்டுகளுக்குள் மூன்று முறை பிளேக் வந்திருக்கிறது. அந்த விவசாயச் சமூகம் தேய்ந்ததற்கு இதுவே காரணமா என்பதில் விவாதம் தொடர்கிறது. எப்படியானாலும், கட்டும் கலை சில நூறு ஆண்டுகளிலேயே நின்றுபோனது. கட்டடம் மிஞ்சியது, கட்டத் தெரிந்த கை மிஞ்சவில்லை.

தம்பி, தங்கைகளே, இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? நான் வேலை பார்த்த ஒரு சைட்டில், தரைக்கடியில் கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று வயதான மேஸ்திரி ஒருவருக்குத்தான் தெரியும். வரைபடத்தில் இல்லை. அவர் ஓய்வு பெற்றுப் போனபின், குழாயைத் தேடி மூன்று இடத்தில் தரையை உடைத்தோம். அவர்களிடம் எழுத்து இல்லை, அதனால் எழுதவில்லை. நம்மிடம் இருந்தும் எழுதவில்லை என்றால் என்ன சொல்வது?

வேலைக்குப் போனதும் உங்கள் மேஸ்திரியிடம், ஃபிட்டரிடம், எலெக்ட்ரீஷியனிடம் உட்கார்ந்து கேளுங்கள். "இப்படிச் செய்" என்பதோடு விடாமல், "ஏன் இப்படி?" என்பதையும் குறித்து வையுங்கள். அடுத்து வருபவனுக்கு நாம் விட்டுப்போகும் பெரிய சொத்து அதுதான்.