பதினெட்டு பிறந்த மறுநாள்



இத்தாலியின் சிசிலித் தீவில் பலெர்மோ என்றொரு துறைமுக நகரம். காம்பியா, கினி, வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ தாய் தகப்பன் துணையில்லாமல் கடல் தாண்டிவந்த பிள்ளைகள் பலர் அங்கே இருக்கிறார்கள். பதினாறு, பதினேழு வயது. சிறார் என்பதால் தங்க இடம், பள்ளிக்கூடம், வசிப்பு அனுமதி எல்லாம் உண்டு. பதினெட்டு பிறந்துவிட்டால் அந்த அனுமதி முடிந்தது. படிப்புக்கோ வேலைக்கோ என்று மாற்றி வாங்க வேண்டும். பாஸ்போர்ட் எங்கே, வேலைக் கடிதம் எங்கே, குடியிருக்கும் முகவரி எங்கே என்று கேள்வி வரும். நம் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வயதில் பிளஸ் டூ மார்க்தான் பெரிய கவலை!

இப்படித் தனியாக வந்த பிள்ளைகளுக்காக 2017-ல் இத்தாலி ஒரு சட்டம் போட்டது. சாந்திரா சாம்பா என்ற எம்.பி.யின் பெயரால் அதைச் சாம்பா சட்டம் என்கிறார்கள். சிறார் நீதிமன்றம் ஒவ்வொன்றிலும் தன்னார்வப் பாதுகாவலர் பட்டியல் இருக்க வேண்டும். பயிற்சி உண்டு, சம்பளம் கிடையாது. ஒருவருக்குப் பொதுவாக மூன்று பிள்ளைகளுக்கு மேல் ஒப்படைப்பதில்லை.

பாதுகாவலர் பொறுப்பும் பதினெட்டோடு முடிந்துவிடும். ஆனால் தேவைப்பட்டால் 21 வயது வரை ஆதரவு தொடரட்டும் என்று நீதிமன்றம் உத்தரவிடலாம். சட்டத்தில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். ராத்திரியோடு ராத்திரியாக யாரும் பெரியவனாகிவிடுவதில்லை என்பது சட்டம் எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

பலெர்மோவில் இலங்கைத் தமிழர்களும் நிறையப் பேர். அவர்கள் பிள்ளைகளுக்கு அப்பா அம்மா பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஆனால் அந்த அப்பா அம்மாக்களில் பலருடைய பதினெட்டு வயது யாழ்ப்பாணத்தில், யுத்தத்துக்கு நடுவே கழிந்தது. இத்தாலிய அலுவலக நடைமுறையை அவர்கள் எப்படிச் சொல்லிக்கொடுப்பார்கள்?

அந்தப் பிள்ளைகள் இத்தாலியிலேயே பிறந்திருந்தாலும் குடியுரிமை தானாக வராது. பதினெட்டு வரை சட்டப்படி தொடர்ந்து அங்கேயே வசித்த பிள்ளை, பத்தொன்பது ஆவதற்குள் நகராட்சியில் போய் விருப்பம் தெரிவிக்க வேண்டும். இது 1992-ஆம் ஆண்டுச் சட்டம். பதினெட்டுக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் நகராட்சியே கடிதம் போட்டு நினைவூட்ட வேண்டும் என்று 2013-ல் சேர்த்தார்கள். கடிதம் போடாமல் விட்டால், பத்தொன்பது தாண்டினாலும் உரிமை போகாது.

அந்த நகராட்சி வரிசையில் முன்பு நின்றுவந்த அண்ணாமார், அக்காமார் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், பக்கத்து வீட்டுத் தம்பிக்கு இந்த வாரமே சொல்லிவையுங்கள். முடிந்தால் கூடவே போய்வாருங்கள்.