மூவாயிரம் படமும் ஒரு கம்ப்யூட்டரும்

மும்பையின் மாஹிம் ரயில் நிலையத்தில் கிழக்குப் பக்கம் இறங்கினால் தாராவி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக வந்து குடியேறிய தமிழர்கள் நிறைந்த இந்த வட்டாரத்தில், தை பிறந்துவிட்டால் கல்யாணங்கள் வரிசைகட்டும். மாதா கோயில் கல்யாணங்களைத் தவக்காலத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்பதால் நெருக்கடி இன்னும் கூடும். கல்யாணம் முடிந்த கையோடு பாரம் ஸ்டுடியோக்காரர் தலையில் இறங்குகிறது. எல்லாப் படங்களுக்கும் வண்ணம் திருத்தி, மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்தியதும் எழும் புலம்பல் எங்கேயும் ஒன்றுதான்: "சிஸ்டம் ஹேங் ஆகுது." மவுஸை இழுத்தால் அம்புக்குறி யோசித்துவிட்டு நகர்கிறது. வாசலில் நிற்கும் வாடிக்கையாளருக்கு ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ பிரிண்ட் போட முடியவில்லை. பழி மென்பொருள் மேல் விழும், வைரஸ் மேல் விழும், கடைசியில் கம்ப்யூட்டரின் வயசு மேல் விழும். வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்பது ஒரு தேவை. அது நடக்கும்போதே நாம் வேறு வேலை பார்க்க வேண்டும் என்பது இன்னொரு தேவை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் தேவையில்லாத இடத்தில் காசைக் கொட்டுகிறோம் என்பது என் வாதம்.

ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். 24 மெகாபிக்சல் கேமரா என்றால் அகலவாக்கில் 6000 புள்ளிகள், உயரவாக்கில் 4000. ஆக 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள். கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒன்றின் அளவு மட்டுமே பதிவாகிறது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. பெரும்பாலான கேமராக்களில் இன்றைக்கும் இதுதான். மீதி இரண்டு நிறங்களையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கம்ப்யூட்டர்தான் கணக்கிட்டு நிரப்ப வேண்டும். கூறைப்புடவையின் அரக்குச் சிவப்பும் ஜரிகையின் மஞ்சளும் சந்திக்கும் ஓரங்களில் இந்தக் கணக்கு கொஞ்சம் பிசகினாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். லைட்ரூம் போன்ற மென்பொருள்கள் அசல் கோப்பைத் தொடுவதே இல்லை. வெளிச்சத்தைக் கூட்டு, நிழலைக் குறை என்று நாம் சொன்னதையெல்லாம் குறிப்பாக எழுதிவைத்துக்கொண்டு, திரையில் ஒரு முன்னோட்டத்தைக் காட்டுகின்றன. உண்மையான கணக்கு முழுவதும் எக்ஸ்போர்ட் நேரத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. அதன் பிறகு ஜேபெக் ஆக்கும் வேலை. படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட கட்டங்களாக வெட்டினால் 3 லட்சத்து 75 ஆயிரம் கட்டங்கள் வரும். அவற்றின் மேல் ஒரு கணித உருமாற்றம் செய்ய வேண்டும். அந்தக் கணிதத்தை 1974இல் உலகுக்குத் தந்தவர்கள் பெங்களூரில் பிறந்த நசீர் அகமதும், அவரோடு சேர்ந்து எழுதிய நடராஜன், கே.ஆர். ராவ் இருவரும். அமெரிக்க அரசின் அறிவியல் நிதி அமைப்பு பணம் தர மறுத்த ஆராய்ச்சி அது! இத்தனையும் முடிய ஒரு படத்துக்கு 5 விநாடி என்று வைத்துக்கொண்டால், ஒரு கல்யாணத்தின் 3000 படத்துக்கு 4 மணி 10 நிமிடம்.

அந்த நாலு மணி நேரமும் பிராசசர் நூறு சதவீதம் ஓடுவது நல்ல செய்தி. அது பாதி சும்மா இருந்தால்தான் நாம் கவலைப்பட வேண்டும். காசு கொடுத்து வாங்கிய பிராசசரின் எட்டு கோர்களில், அதாவது தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகளில், நாலு வேடிக்கை பார்க்கின்றன என்று அர்த்தம். புதன்கிழமைகளில் மாஹிம் செயின்ட் மைக்கேல் தேவாலயத்தின் நொவேனாவுக்குக் கூட்டம் திரளும்போது வெளியே லேடி ஜம்ஷெட்ஜி ரோடு நிரம்பி வழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். ரோடு பழுதாகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. ஆம்புலன்ஸ் போக ஒரு வழி விட்டிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. கம்ப்யூட்டரில் அந்த வழியை நாமே விடலாம். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, டீடெய்ல்ஸ் பக்கத்தில் அந்த மென்பொருளின் மேல் ரைட் கிளிக் செய்து, பிரயாரிட்டியை 'பிலோ நார்மல்' என்று வைத்தால் போதும். நாம் மவுஸைத் தொடும்போது எக்ஸ்போர்ட் ஒதுங்கும். டீ குடிக்கப் போய்விட்டால் முழு பலமும் அதற்கே திரும்பும். இப்படி ஒதுங்கினால் வேலை தாமதமாகாதா என்று கேட்கலாம். ஆகும், ஆனால் எவ்வளவு? எட்டு கோரில் ஒன்றை நமக்கென்றே நிரந்தரமாக ஒதுக்கிவிட்டாலும், வேலை மொத்தமும் சீராகப் பிரிந்து ஓடுகிறது என்ற கணக்கில், 4 மணி 10 நிமிடம் சுமார் 4 மணி 46 நிமிடம் ஆகும். பிரயாரிட்டி முறையில் நஷ்டம் அதைவிடவும் குறைவு.

இதைச் செய்த பிறகும் திரை உறைந்து நின்றால் குற்றவாளி பிராசசர் இல்லை. பெரும்பாலும் நினைவகம், அதாவது ரேம். இங்கேதான் நம் ஊர் ஆல்பம் வேலையைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கல்யாணத்துக்குப் போடும் கரிஷ்மா ஆல்பத்தின் ஒரு ஷீட் 12 அங்குலத்துக்கு 36 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 3600க்கு 10,800. கிட்டத்தட்ட 3 கோடியே 89 லட்சம் புள்ளிகள். ஒரு முழு லேயருக்கு சுமார் 117 மெகாபைட். பூவேலைப் பின்னணி, மங்கலாகக் கரையும் பெரிய படம், தங்க எழுத்து, ஓரத்தில் நாதஸ்வரம் வாசிக்கும் உருவம் என்று டெம்ப்ளேட் பத்து லேயரைத் தாண்டினால் ஒரு ஷீட்டே ஒரு ஜிகாபைட்டைக் கடந்துவிடும். ஆல்பத்தை வடிவமைக்கும் போட்டோஷாப், கிடைக்கும் ரேமில் வழக்கமாக 70 சதவீதம் வரை எடுத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டிருக்கும். 8 ஜிபி கம்ப்யூட்டரில் மிச்சமுள்ளதில் விண்டோஸும், பிரவுசரில் திறந்தே கிடக்கும் வாட்ஸாப்பும் அடித்துப்பிடித்துக்கொள்கின்றன. இடம் போதாமல் போனால் கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்கைத் துணைக்கு இழுக்கிறது. ரேமோடு ஒப்பிட்டால், சுழலும் டிஸ்க்கில் ஒரு துணுக்கைத் தேடி எடுக்க ஆகும் நேரம் சுமார் லட்சம் மடங்கு அதிகம். வேலை செய்யும் நேரத்தைவிட, சாமானை உள்ளே வெளியே மாற்றும் நேரம் மிஞ்சிவிடுகிறது. இந்த நிலையைக் கணினி அறிஞர் பீட்டர் டென்னிங் 1968இலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அடையாளம் சுலபம்: டாஸ்க் மேனேஜரில் பிராசசர் முப்பது, நாற்பதில் கிடக்கும், டிஸ்க் மட்டும் நூறில் நிற்கும், பெட்டிக்குள்ளிருந்து கரகரவென்று சத்தம் வரும். நேராக வாடிக்கையாளரின் பழைய பென் டிரைவுக்கே எக்ஸ்போர்ட் போடுவதும் இந்தக் கணக்கில்தான் சேரும். எழுதும் வேகம் குறைந்த அந்தச் சின்னத் துண்டுக்காக மொத்தக் கம்ப்யூட்டரும் காத்துக்கிடக்கும்.

மென்பொருள் நிறுவனங்களுக்கு நான் வக்காலத்து வாங்குவதாகத் தோன்றலாம். அவர்கள் மேலும் தப்பு உண்டு. லைட்ரூம் வேகம் போதவில்லை என்பதை 2017இல் அடோபி நிறுவனமே ஒப்புக்கொண்டு, பயன்படுத்துவோரிடம் கருத்துக் கேட்டது. எக்ஸ்போர்ட் கணக்கைக் கிராபிக்ஸ் கார்டுக்கு மாற்றும் வசதி 2022இல்தான் வந்தது. ஆனால் கிராபிக்ஸ் கார்டு வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்பதும் சரியில்லை. ஒரு பகுதியை மட்டும் எவ்வளவு வேகமாக்கினாலும், வேகமாகாத பகுதி மொத்த நேரத்துக்கு எல்லை கட்டிவிடும் என்று கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்தால் 1967இல் சொன்னது இங்கே அப்படியே பொருந்தும். கார்டு கணக்கை முடித்தாலும் கோப்பைப் படிப்பதும் டிஸ்க்கில் எழுதுவதும் அப்படியேதான் இருக்கின்றன.

என் செல்போன் கண் சிமிட்டும் நேரத்தில் படத்தைத் தயாரித்துவிடுகிறதே என்பது அடிக்கடி கேட்கும் வாதம். போனில் அதன் கேமராவுக்கென்றே செதுக்கப்பட்ட சில்லுப் பகுதி இருக்கிறது. அது ஒரு தடவைக்கு ஒரு படத்தைக் கையாள்கிறது. மூவாயிரத்தை அதன் தலையில் கட்டினால் போனும் சூடேறிவிடும். சூடு என்றதும் லேப்டாப்பைச் சொல்லியாக வேண்டும். பிராசசர் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, தன்னைக் காத்துக்கொள்ள அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. கடையில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்க்கும்போது பறக்கும் லேப்டாப், மும்பையின் அக்டோபர் வெக்கையில், காற்றோட்டம் இல்லாத சின்ன அறையில், மூன்றாவது மணி நேரத்தில் எப்படி ஓடும் என்பதை விளம்பரம் சொல்லாது. ஃபேனில் அடைத்த தூசியைத் தட்ட ஆகும் செலவு சொற்பம். ஆகவே புது மெஷின் வாங்கும் முன் டாஸ்க் மேனேஜரை ஒரு முகூர்த்த வாரம் கவனித்துப் பாருங்கள். டிஸ்க் நூறில் நின்று, ரேமும் நிரம்பியிருந்தால் ரேமைக் கூட்டுங்கள். ரேமில் இடம் இருந்தும் டிஸ்க் நூறில் நின்றால், சுழலும் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி போடுங்கள். பிராசசர் மட்டுமே நூறில் நின்று, சூடும் கட்டுக்குள் இருந்தால் அப்போதுதான் புதிய மெஷினுக்கு நியாயம் உண்டு.

எதை எக்ஸ்போர்ட் செய்கிறோம் என்பதையும் யாரும் கேட்பதில்லை. ஒரே கல்யாணத்துக்குப் பிரிண்டுக்கு ஒரு பெரிய சைஸ், வாட்ஸாப்புக்கு ஒரு சின்ன சைஸ் என்று இரண்டு தடவை ரா கோப்பிலிருந்தே எடுப்பது பல இடங்களில் வழக்கம். சின்ன சைஸ் என்பதால் வேலையும் சின்னது என்று நினைக்கிறோம். ரா கோப்பைத் திறந்து நிறத்தை நிரப்பித் திருத்தங்களைக் கணக்கிடும் பெரும்பகுதி வேலை இரண்டு தடவையும் நடக்கிறது. பெரிய ஜேபெக்குகளை ஒரு முறை எடுத்துவிட்டு, அவற்றிலிருந்தே சின்னவற்றைச் சுருக்கிக்கொண்டால் இரண்டாவது சுற்று முதல் சுற்றில் ஒரு சிறு பங்கு நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு மென்பொருளும் மாற்ற வேண்டாம், கம்ப்யூட்டரும் மாற்ற வேண்டாம்.