கைக்கெட்டும் ஆணி

எங்கள் ஊரின் பெயர் கொட்டாரம். மலையாளத்தார் இச்சொல்லுக்கு அரண்மனை என்று பொருள் கொள்வர். தமிழ் அகராதியோ களஞ்சியம் என்றும் பொருள் கூறும். கன்னியாகுமரிக்குச் செல்லும் சாலையில் வயல் சூழ்ந்த ஊராதலின், களஞ்சியமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு போகத்து நெல்லும் பத்தாயம் சேரும். அரிவாள் இறவாரத்தில் செருகப்படும். மரக்கால் அரங்கிலே கவிழ்ந்திருக்கும். இருட்டிலும் கை நீட்டி எடுக்கலாம்.

அத்தகைய வீட்டிலே, சிறுவனாகிய என் பொருள்களுக்கு மட்டும் இடமில்லை. சட்டை மாட்டும் ஆணி என் தந்தையாரின் தோளுயரத்தில் இருந்தது. மாடக்குழி அதற்கும் மேலே. ஆகவே சிலேட்டு திண்ணையில், பம்பரம் முற்றத்தில், சட்டை கழன்ற இடத்தில். "எடுத்து வை, எடுத்து வை" என்று நாள்தோறும் கேட்டேன். எங்கே வைப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒருநாள் விளக்கு வைக்கும் நேரத்தில், நடைப்படியில் நான் போட்டுவிட்டுப் போன பம்பரத்தின்மேல் கால் வைத்து ஆச்சி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. எனக்கு அடி கிடைத்தது. அந்த அடியால் நான் கற்றது பம்பரத்தை ஒளித்து வைக்கும் வித்தை ஒன்றே.

மாணவர்களே, இத்தாலி நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையாரின் பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், ரோமாபுரியில் ஏழைகள் வாழ்ந்த சான் லொரன்சோ பகுதியில் அவர் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். அங்கே கருவிகள் பூட்டிய அலமாரியில் இருந்தன. ஆசிரியை எடுத்துக் கொடுப்பார். திரும்ப வாங்கி வைப்பார். ஒருநாள் அலமாரி பூட்டப்படாதிருக்க, ஆசிரியையும் நேரம் கழித்து வந்தார். குழந்தைகள் தாமே வேண்டியவற்றை எடுத்து வேலையில் ஆழ்ந்திருந்தனர். ஆசிரியைக்கு அது திருட்டாகத் தோன்றியது. அம்மையாரோ, எப்பொருள் எங்கே இருக்கும் என்பதை இச்சிறார் நன்கு அறிந்திருக்கின்றனர் என்று கண்டுகொண்டார். பிறகு பூட்டு போயிற்று. குழந்தையின் கைக்கெட்டும் தாழ்ந்த அலமாரி வந்தது. ஒவ்வொரு கருவியிலும் ஒன்றே ஒன்று. ஒரு குழந்தை அதை உரிய இடத்தில் திருப்பி வைத்தால்தான் அடுத்த குழந்தைக்குக் கிடைக்கும். இதற்குப் பிரம்பு எதற்கு?

இந்த அம்மையார் 1939-ல் பிரம்மஞான சபையார் அழைக்கச் சென்னை அடையாற்றுக்கு வந்து 300-க்கு மேற்பட்டோருக்குப் பயிற்சி அளித்தார். உலகப் போர் மூண்டதால் இந்நாட்டிலேயே தங்க நேர்ந்து, சில ஆண்டுகள் கொடைக்கானலில் வாழ்ந்தார்.

உங்கள் தம்பி தங்கையரிடம் "அறையை ஒழுங்கு செய்" என்று ஆணையிடாதீர்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு அறை என்பது பெரிய உலகம். ஒரு பொருளைக் காட்டி, அதன் இடத்தையும் காட்டி, உடன் நடந்து சென்று வையுங்கள். கல்லூரி விடுதி அறைகள் சிலவற்றை நான் கண்டதுண்டு. அவற்றைப் பற்றி இங்கே பேசாதிருப்பதே நலம்.

எங்கள் ஆச்சி எழுத்தறியாதவர். மாண்டிசோரியின் பெயரைக் கேட்டவரும் அல்லர். படுக்கையில் கிடந்தபடியே ஆசாரியை வரவழைத்து, என் மார்பளவு உயரத்தில் ஓர் ஆணி அடிக்கச் செய்தார். அதில் ஒரு பனையோலைப் பெட்டி தொங்கிற்று. "மக்களே, பம்பரம் இனி இதிலே உறங்கட்டும்" என்றார். வேறு ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அதன்பின் ஆச்சி கோலூன்றாமல் நடந்ததில்லை. அந்திவேளையில் நடையிலே அக்கோலின் ஓசை கேட்கும்போதெல்லாம், என் கை அப்பெட்டிக்குள் சென்று பம்பரத்தைத் தொட்டுப் பார்க்கும்.