கடல் கடந்த கல்வியும் ஜமாஅத்தின் கடமையும்

(ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்



மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரத்தில் வாழும் நம் குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் மேற்படிப்புக்காக இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா என்று செல்கின்றனர். அல்ஹம்துலில்லாஹ், மகிழ்ச்சிக்குரியதே. புறப்படுமுன் துஆச் செய்து வழியனுப்புகிறோம். சென்ற பிள்ளைகள் அங்கே எதை உண்டு, எங்கே உறங்குகின்றனர் என்று பிறகு விசாரிக்கிறோமா?

இங்கிலாந்து விசாவுக்குக் கல்விக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் கையிலிருப்பதாகக் காட்ட வேண்டும். அத்தொகை தொடர்ந்து 28 நாட்கள் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும் என்பது விதி. நம்மில் சிலர் கைமாற்றாகவோ, அல்லாஹ் தடுத்த வட்டிக்கோ பணம் வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டிவிட்டு, விசா கிடைத்ததும் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். ஏட்டில் இருந்த பணம் பிள்ளையின் கையில் இல்லை. நாம் காட்டிய பொய்க்கணக்கு கடைசியில் பிள்ளையின் தலையிலேயே விடிகிறது.

'பகுதிநேர வேலை பார்த்துச் சமாளிக்கலாம்' என்கிறோம். படிப்புக் காலத்தில் இங்கிலாந்தில் பட்டப்படிப்பு மாணவர் வாரத்திற்கு 20 மணி நேரமே வேலை செய்யலாம். கனடாவில் 2024 நவம்பர் முதல் கல்லூரிக்கு வெளியே 24 மணி நேரம். ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்திற்கு 48 மணி நேரம். மீறினால் விசாவே பறிபோகலாம். அந்த ஊதியம் வாடகைக்கே சரியாகிவிட்டால் உணவுக்கு என்ன செய்வது?

கனடா அரசு நெடுங்காலம் 10,000 டாலர் வாழ்க்கைச் செலவுக்கு இருந்தால் போதும் என்றது. விலைவாசிக்கு அது பொருந்தவில்லை என்று 2024 ஜனவரியில் அதனை 20,635 டாலராக உயர்த்தியது. அதற்கு முன் 10,000 டாலரை மட்டும் நம்பிச் சென்றவர்கள், தேவையில் பாதிகூட இல்லாமல் விமானம் ஏறினர் என்பதே இதன் பொருள். 2023இல் பிராம்ப்டன் நகரில் இலவச உணவுப் பொருள் வழங்கும் மையம் ஒன்று, வெளிநாட்டு மாணவர்களுக்கு வழங்க இயலாதென்று மறுத்த செய்தியும் வந்தது. இத்தனைக்கும் நடுவில் வீட்டுக்குப் பேசும்போது பிள்ளைகள், 'நலமாக இருக்கிறேன், உம்மா' என்றே சொல்கின்றனர்.

சிறுபான்மை மாணவரின் வெளிநாட்டுக் கல்விக்கடன் வட்டிக்கு மானியம் அளித்த மத்திய அரசின் 'படோ பர்தேஷ்' திட்டம் 2022இல் நிறுத்தப்பட்டது. எனவே ஜமாஅத்துக்கு மூன்று கடமைகளை முன்வைக்கிறோம்.

ஒன்று, பிள்ளையை அனுப்புமுன் பெற்றோருடன் அமர்ந்து, ஓராண்டு வாடகைக்கும் உணவுக்கும் உண்மையான பணம் உண்டா என்று கணக்கிடுவோம். இல்லையெனில் ஓராண்டு பொறுக்கச் சொல்வோம். பொறுப்பதில் இழுக்கில்லை.

இரண்டு, இடையில் தவிக்கும் மாணவருக்குப் பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லா அழகிய கடன் வழங்குவோம். ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடனாளியும் வழிப்போக்கரும் உள்ளனர். இம்மாணவர்களில் யார் அதில் அடங்குவர் என்பதை ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்வோம்.

மூன்று, அந்நாடுகளில் குடியிருக்கும் நம் ஜமாஅத்தாரின் பட்டியல் ஒன்றைப் பேணுவோம். புதிதாகச் செல்லும் பிள்ளைக்கு முதல் வாரத் தங்கலுக்கும் ஒரு வேளைச் சோற்றுக்கும் அது உதவும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்து, பசியிலிருந்தும் கடனிலிருந்தும் அவர்களைக் காப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.