மீனுக்குக் கண்ணில் அடிபட்டால்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் குயிலாப்பாளையம் குழுவினர் பேசியது)

போன கூட்டத்துல நிறைய பேர் கேட்டீங்க, "மீன் கண்ணு வெள்ளையா ஆகுதே, என்ன மருந்து போடறது?" என்று. நாங்கள் டாக்டர் இல்லை. தொட்டியில் வண்ண மீன் வளர்த்து, நஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறோம்.

சென்னை கொளத்தூர் பக்கம் நிறைய குடும்பங்களுக்கு வண்ண மீன்தான் பிழைப்பு. அதைப் பார்த்துத்தான் நாங்களும் குழுக் கடனில் கோல்டு பிஷ் வாங்கினோம். ஒரு மீனுக்குக் கண் பால் மாதிரி ஆனது. கண் கெட்ட மீனை வியாபாரி எடுக்க மாட்டார். பயந்துபோய், மனுஷங்களுக்குக் கொடுக்கிற மாத்திரையை வாங்கிப் பிரித்துத் தொட்டியிலேயே கொட்டினோம். இரண்டே நாளில் தண்ணி கலங்கி, நல்லா இருந்த மீன்களும் செத்து மிதந்தன. மீன் கழிவைச் சரிசெய்கிற நல்ல கிருமிகள் தொட்டியில் இருக்கும். மாத்திரை அவற்றையும் கொன்றால் தண்ணியில் அமோனியா ஏறிவிடும். இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

முதலில் கண்ணை நல்லாப் பாருங்க. ஒரு கண் மட்டும் வெளுத்தோ வீங்கியோ இருந்தால் பெரும்பாலும் அடிபட்டதுதான். இரண்டு கண்ணும் வீங்கினால், அல்லது பல மீனுக்கு ஒரே சமயத்தில் வந்தால், தண்ணி கெட்டிருக்கும். இல்லையென்றால் உள்ளே நோய் இருக்கும். அப்போது மீன்வளத் துறை அலுவலரைக் கேளுங்க. கண் துருத்திய கருப்பு கோல்டு பிஷ் இருக்கே, அந்த ரகமே அப்படித்தான். அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டாம்!

அடிபட்ட மீனை வலையில் பிடிக்காமல் கிண்ணத்தால் தண்ணியோடு மொண்டு தனி டப்பில் விடுங்க. டப்பில் 20 லிட்டர் தண்ணி, ஏர் பம்ப் போதும். குழாய்த் தண்ணியில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்துப் பிறகு ஊற்றுங்க. மருந்து நம்ம மரக்காணம் கல் உப்புதான். கடைத் தராசில் 40 கிராம் எடை போட்டு, கரைத்து, பாதியைச் சாயங்காலமும் மீதியை மறுநாள் காலையிலும் ஊற்றணும்.

"உப்பளத்துல கையில வெட்டு பட்டா எரியுதே, மீனுக்கு எரியாதா?" என்று எங்க குழுவிலேயே ஒரு அக்கா கேட்டாங்க. நியாயமான கேள்வி. கடல் தண்ணியில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. நாம் போடுவது 2 கிராம். நல்ல தண்ணி மீனோட ரத்தத்தில், வெளியே உள்ள தண்ணியைவிட உப்பு அதிகம். அதனால் புண் வழியாகத் தண்ணி உள்ளே ஏறி, ஊற வைத்த கொண்டைக்கடலை மாதிரி கண் உப்பும். வெளியிலும் கொஞ்சம் உப்பு இருந்தால் அது குறையும். ஆனால் உங்க போர் தண்ணி ஏற்கெனவே கரித்தால் மேலே உப்புப் போடாதீங்க. செதில் இல்லாத கெளுத்தி வகைக்கும் வேண்டாம், சுத்தமான தண்ணி மட்டும் போதும்.

தினமும் 5 லிட்டர் எடுத்துவிட்டுப் புதுத் தண்ணி ஊற்றுங்க. அந்தப் புதுத் தண்ணிக்கு மட்டும் 10 கிராம் உப்பு. உப்பு ஆவியாகப் போகாது, அதனால் முழு அளவும் திரும்பப் போடக் கூடாது. தீனி கொஞ்சமாகப் போடுங்க. வீக்கத்தை ஊசியால் குத்தவே குத்தாதீங்க. லேசான வெளுப்பு ஒரு வாரம், பத்து நாளில் தெளியும்; வீக்கம் வடிய இன்னும் நாளாகும்.

அடி எங்கிருந்து வந்தது என்று தேடினோம். எல்லாம் எங்க கைவேலைதான். சொரசொர வலை, தொட்டிக்குள் அழகுக்குப் போட்ட கூர்க்கல், சரியாகப் பூசாத சிமெண்ட் ஓரம். கல்லை எடுத்தோம், ஓரத்தை வழவழப்பாகப் பூசினோம், மெத்து வலை வாங்கினோம்.

கண்ணே போனாலும் புண் ஆறினால் மீன் பிழைக்கும். எங்க தொட்டியில் ஒத்தைக் கண்ணு கோல்டு பிஷ் ஒன்று இருக்கு. விற்க முடியாது, ஆனால் தீனி போட்டால் முதலில் வருவது அதுதான். அடுத்த கூட்டம் எங்க ஊர்ல, வந்து பாருங்க.